எஞ்சினுக்குப் பவுடர் போட்டவர்

முகத்துக்குப் பவுடர் போடுகிறவர்கள் உலகத்தில் கோடிப் பேர் இருப்பார்கள். எஞ்சினுக்குப் பவுடர் போட்டவர் ஒருவர்தான். அவர் நெய்வேலிக்குப் பக்கத்தில், மந்தாரக்குப்பத்தில் இருந்தார். அதற்காகவே நாங்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

அவருடைய நிஜப் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. ஊருக்கே அவர் ‘பவுடர்’தான். ஆயில் ஒழுகும் வண்டிகளை மட்டும் பார்ப்பார். உடம்பில் எப்போதும் சலவை செய்த வெள்ளைச் சட்டை. “சட்டையில கறை பட்டா ஒழுக்கு ஜெயிச்சுட்டுதுன்னு அர்த்தம்” என்பார். நிற்கிற வண்டி எதுவானாலும் குனிந்து அடியில் பார்த்துவிடுவார். ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளை வந்து இறங்கிய காரின் அடியில் தலையை விட்டவர் வெளியே வருவதற்குள் முகூர்த்தமே முடிந்துவிட்டது. இன்னொரு முறை, பஸ் ஸ்டாப்பில் இறங்கி பஸ்ஸின் அடியில் பார்த்து, “டிரைவர் சார், ஒழுகுது!” என்று கத்தினார். டிரைவர் நன்றி சொல்லிவிட்டு அவரை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

எழுபதுகளின் கடைசியில் நான் ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கினேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. இன்டர்வியூ அன்று வடலூரில் பஸ்ஸைத் தவறவிட்டு நின்றவனை ஏற்றிக்கொண்டு வந்து, நேரத்துக்குப் பழுப்பு நிலக்கரிச் சுரங்க ஆபீஸ் வாசலில் இறக்கியது அந்த வண்டிதான். அதன் சொந்தக்காரரான கான்ட்ராக்டர் அதைப் பழைய இரும்புக்குப் போடப்போவதாகக் கேள்விப்பட்டதும் எனக்கு மனசு கேட்கவில்லை. பெயின்ட் அடித்து, சீட் தைத்து, புது மாப்பிள்ளை மாதிரி குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்தினேன். மறுநாள் காலையில் சிமெண்ட் தரையில் அரைப்படி ஆயில்.

என் மனைவிக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம். தரை விஷயத்தில் அவளிடம் கருணையே கிடையாது.

“ஏனுங்க, ஒரு சொட்டு விழாம நின்னா இந்த வண்டி இருக்கட்டுமுங்க. இல்லீனா இரும்புக்காரனையே வரச் சொல்லிப்போடுங்க. பொங்கல் வரைக்கும்தான் பார்ப்பேன்.”

இரண்டு மெக்கானிக்குகள் வந்து கேஸ்கட்டை மாற்றினார்கள், போல்ட்டை எல்லாம் முறுக்கினார்கள். ஒழுக்கு இன்னும் உற்சாகமாக ஒழுகியது. கடைசியில் பவுடர் வந்தார். மனைவி டீ கொண்டுவந்தாள்.

“டீ வாணாம்மா. சொட்டு நிக்கிற வரைக்கும் இந்த வூட்ல பச்சைத் தண்ணி தொட மாட்டேன். பவுடர் இருக்குதுங்களா?”

“மூஞ்சிக்குங்களா?”

“ஆமாங்க, எஞ்சின் மூஞ்சிக்கு.”

மண்ணெண்ணெய் விட்டு எஞ்சினைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, என் மனைவியின் புது டின்னைக் கவிழ்த்து, குழந்தைக்குப் பூசுகிற மாதிரி பூசினார். வண்டியை ஓடவிட்டதும் வெள்ளைப் பவுடரில் ஆயில் கசியும் இடம் கறுப்பாகக் கோடு போட வேண்டும். போட்டது, ஒரே இடத்தில் அல்ல, ஐந்து இடத்தில். பவுடர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மறுபடி கழுவினார், மறுபடி பூசினார். மூன்று டின் காலி. தினமும் ஒரு டம்ளர் டீ வாசலிலேயே ஆறிப்போனது. போகிக்கு முந்தின நாள் அவர் சட்டையில் முதல் முறையாக ஒரு கறை விழுந்தது. அதைப் பார்த்து எனக்கே அழுகை வந்தது.

கொடியில் கிடந்த துணியை எடுத்த மனைவி அலுத்துக்கொண்டாள்: “இந்த ஊருல வெள்ளைத் துணி உலர்த்த முடியுதுங்களா? காலையில போட்டது சாயங்காலம் பழுப்பாயிடுது. மூக்கெல்லாம் நிலக்கரித் தூசி!”

பவுடர் துள்ளி எழுந்தார். “அம்மா, இன்னொருக்கா சொல்லுங்க!”

“தூசிங்க…”

“மூக்கு! நாங்கல்லாம் ஒழுகுற எடத்தையே பார்த்துகினு இருந்தோம். அது மூச்சு விடுற எடத்த எவனும் பாக்கல!”

எஞ்சின் மூச்சு விடும் குழாயைக் கழற்றி, சைக்கிள் கம்பியால் குத்தினார். உள்ளிருந்து சுண்டுவிரல் நீளத்துக்குப் பழுப்புக் கட்டி வந்து விழுந்தது. சுரங்கத்துத் தூசியும் ஆயிலும் சேர்ந்து இறுகிய கட்டி.

“சோத்துப் பானை மூடிய அழுத்திப் புடிச்சா கஞ்சி நாலு பக்கமும் வழியாதா? அதாங்க இது. இந்த ஊரு வண்டிய இந்த ஊர்க்காரன்தான் பார்க்கணும்!”

பொங்கலன்று மனைவி வாசலில் பெரிய கோலம் போட்டாள். குள்ளஞ்சாவடி வரை ஓட்டிப் போய்த் திரும்பி, சக்கரம் மிதிக்காமல் வண்டியைக் கோலத்துக்கு மேலே நிறுத்தினோம். பவுடர் எதிரே குந்தி உட்கார்ந்தார். பிளாக் முழுவதும் கூடிவிட்டது. சாயங்காலம் வண்டியைப் பின்னால் தள்ளினோம். கோலத்தின் நடுவில் ஒரு பழுப்புச் சொட்டு!

பவுடர் அதைத் தொட்டு மோந்து பார்த்தார். நக்கியும் பார்த்தார்.

“சக்கரை போட்டிருக்குதுங்க. சார் மத்தியானம் வண்டிக்கு அடியில எட்டிப் பார்த்துகினே குடிச்ச டீ!”

“வண்டி ஒழுகறது நின்னுபோச்சு, இவருதான் இன்னும் ஒழுகறாரு” என்றாள் மனைவி. பிளாக்கே சிரித்தது. அன்றைக்கு நான் ஒழுகியதில் எனக்குப் பெருமைதான்.

பவுடர் அடுத்தடுத்து மூன்று டம்ளர் டீ குடித்தார். நான்காவதை அவர் கேட்காமலே மனைவி ஊற்றினாள்.

அந்த மாதத்திலிருந்து எங்கள் மளிகைப் பட்டியலில் ‘பவுடர் 2’ என்று இருக்கும். ஒன்று அவளுக்கு, ஒன்று பவுடர் அண்ணனுக்கு. வண்டியை விற்று வெகு காலம் ஆகிறது. பவுடரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னும் அவள் இரண்டு என்றுதான் எழுதுகிறாள். நானும் ஏன் என்று கேட்காமல் இரண்டு டின் வாங்கி வருகிறேன்.