மூன்றில் இரண்டாவது

“மூணுல எதும்மா நமக்குத் தோது?” என்று கோதண்டபாணி மூன்றாவது நாளாகக் கேட்டார்.

“இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பாக்கணுங்க” என்றாள் அனுசுயா.

சொன்னதும் காது மடல் சுட்டது. அவள் எதையும் ஓட்டவில்லை. அந்த வெள்ளைக் கம்ப்யூட்டரை எப்படி ஆன் செய்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை. பின்பக்கம் ஒரு பித்தான் இருந்தது. மெதுவாக அமுக்கினாள், அழுத்தி அமுக்கினாள், கதவைச் சாத்திவிட்டு முருகனைக் கும்பிட்டும் அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை.

திருத்தணி மலையடிவாரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் ஆபீஸில் பதினாறு வருஷமாக அவள்தான் எல்லாம். முதலாளி கோதண்டபாணியின் மூத்த மகள் பிரியங்கா, பெங்களூரில் தான் வைத்திருந்த ஆப்பிள் கம்ப்யூட்டரை அப்பாவுக்கு அனுப்பியிருந்தாள். மண்டபத்துப் பழைய மெஷினில் இருக்கும் ஆபீஸ் சாஃப்ட்வேர் இதில் ஓடாதாம். அதனால் மூன்று விதமாகப் போட்டு அனுப்பியிருந்தாள். முதலாவது மெஷினோடு வந்தது, இரண்டாவதுக்கு வருஷச் சந்தா, மூன்றாவது இலவசம். ஆடி மாசம், கல்யாணம் கிடையாது. நிதானமாகப் பார்த்து ஒன்றைச் சொன்னால் போதும் என்றிருந்தாள்.

பெட்டியைப் பிரித்த அன்று கோதண்டபாணி கீபோர்டையும் மவுஸையும் தூக்கிக் காட்டி, இதற்கு ஒயரே கிடையாது, எல்லாம் காற்றிலேயே வேலை செய்யும் என்று பெருமைப்பட்டார். பாத்திரம் தேய்க்கும் எல்லம்மாள், நல்ல பெட்டியாக இருக்கிறதே, தாம்பூலப் பை போட்டு வைக்கலாம் என்று அதை எடுத்துக்கொண்டு போனாள்.

“உனக்குத் தெரியாததா அனுசுயா” என்று சொல்லிவிட்டு அவரும் போனார்.

அந்தப் பேச்சுதான் அவள் வாயைக் கட்டியது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. கல்யாணத்தைப் பதிவு செய்ய, இந்த மண்டபத்தில்தான் நடந்தது என்று ஒரு கடிதம் தரவேண்டும். என்றைக்கோ யாரோ அடித்து வைத்த ஒரு ஜோடியின் கடிதத்தைத் திறப்பாள். பெயரையும் தேதியையும் மாற்றி பிரிண்ட் எடுப்பாள். சேமிக்காமல் மூடிவிடுவாள். பதினாறு வருஷத்து ஜோடிகள் அத்தனை பேரும் அந்த ஒரே கடிதத்துக்குள் வந்துபோனவர்கள். புதிதாக ஒரு பக்கம் திறக்க அவளுக்குத் தெரியாது என்பது அவளுக்கும் அந்தக் கடிதத்துக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

மகள் அபியைக் கேட்கலாம். ஆனால் படிக்காமலே படித்தேன் என்று சொன்னதற்காகப் போன வாரம்தான் அவளை உட்காரவைத்து, பொய் சொல்வதைப் பற்றி அரை மணி நேரம் பேசியிருந்தாள்.

நான்காம் நாள், போனில் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, இரண்டாவது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவைத்தாள். அதோடு விடவில்லை அவர். அதில் ஒரு கடிதம் அடித்துக் காட்டச் சொன்னார். பழைய மெஷினிலேயே அடித்துக் கொண்டுபோய் நீட்டினாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காகிதத்தை ஜன்னல் பக்கம் பிடித்தார். “எழுத்து எப்படிப் பளிச்சுன்னு கீது பாரு. பழசுல இந்த மாரி வருமா?”

அனுசுயா தரையைப் பார்த்தாள். ஏசினால்கூட இத்தனை கூசியிருக்காது.

காகிதம் அக்கம்பக்கத்துக்கெல்லாம் போனது. அடுத்த மண்டபத்து மேனேஜர், அவளிடம் கற்றுக்கொள்ள எப்போது வரலாம் என்று கேட்டனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை, அரக்கோணத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் இளைய மாப்பிள்ளை கதிரவனையும் வரவழைத்துவிட்டார் கோதண்டபாணி. கதிரவன் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தான். வெளியே நின்ற அனுசுயா சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அதை ஓட்டியதே இல்லை என்று இவருக்குத் தெரியாமலா போகும்?

அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தான். “மூணாவதுதான் மாமா வேகம். ரெண்டாவது கொஞ்சம் இழுக்குது.”

“ஆங், நானும் நேத்து சாயங்காலம் போட்டுப் பாத்தேன் மாப்ள. இழுக்கத்தான் செய்து.”

அறுபத்தெட்டு வயதில் அவரே போட்டுப் பார்த்துவிட்டார். உலகத்திலேயே தான் ஒருத்திதான் மக்கு என்று அனுசுயாவுக்குத் தோன்றியது. எனக்கும் மூன்றாவதின்மேல் ஒரு கண் இருந்தது என்று முனகினாள்.

அப்படியானால் முடிந்தது, பழைய மெஷினை வெள்ளிக்கிழமை கனகம்மாசத்திரம் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை ஆட்டோ வந்தது. பழைய மெஷின் ஏறியது. அதோடு அந்தக் கடிதமும் ஏறியது. ஆனியில் கல்யாணமான ஜோடி ஒன்று கடிதத்துக்காக வராந்தாவில் காத்திருந்தது. கோதண்டபாணியும் மறுபடி வந்திருந்த கதிரவனும் பக்கத்தில் வந்து நின்றார்கள், அவள் புது மெஷினில் அடிப்பதைப் பார்க்க.

கறுப்புக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. இத்தனை நாளும் அதில் தெரிந்தது அது ஒன்றுதான். இனிமேல் அந்த முகத்தைப் பார்க்க முடியாது என்று இருந்தது. எழுந்துவிட்டாள்.

“அய்யா, ஒண்ணு சொல்லணுங்க. வேலைய விட்டு நிறுத்தினாலும் சரி. நான் இதை ஒரு நாளும்...”

அப்போது எல்லம்மாள், சுருட்டிய வெள்ளை ஒயர் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

“யம்மா, இதையும் ஆட்டோவுல போட்டுடவா? இந்த வெள்ளை மிஷினு பெட்டியில கெடந்த கரண்டு ஒயரு. வந்த நாள்லேர்ந்து பாத்திர ரூம் ஆணியிலதான் தொங்கிகினு கீது, இத்தினி நாளா ஒருத்தரும் கேக்கவே இல்லியே.”