செருப்பைக் கழற்றிவிட்டு ஏறவும்

சதுரங்கப்பட்டினம்,
14.5.2001

அன்புள்ள மச்சான் திருவேங்கடம் அவர்களுக்கு,

சுப்புராமன் எழுதுவது. இங்கு நான் நலம், உங்கள் தங்கை தெய்வநாயகி நலம், கார் மிக மிக நலம். அங்கு நீங்களும் கல்யாணப்பெண் சங்கரியும் நலமாக இருக்கத் திருப்போரூர் முருகன் பார்த்துக்கொள்வான்.

போன மாதம் என் மோரிஸ் மைனரில் திருக்கழுக்குன்றம் போகும்போது கார்ப்பெட்டோடு சேர்ந்து உங்கள் வலது கால் தரைக்குள் இறங்கி ரோட்டைத் தொட்டதையும், அப்புறம் நீங்கள் போனில், "மாப்ள, அந்தத் தகர டப்பாலயா எம் பொண்ணு கல்யாணத்துக்குப் போவா? சுமோ பேசிக்கினு கீறேன்" என்று சொன்னதையும் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அன்று சாப்பிடவில்லை, அவ்வளவுதான். ஆனால் சங்கரி சின்னக் குழந்தையாக இருந்தபோது அந்த வண்டியின் பின் சீட்டில் நின்றுகொண்டு, "நான் கல்யாணத்துக்கு இதுலதான் போவேன் மாமா" என்று சொன்னவள். எனக்குப் பெண் இல்லை மச்சான். அவள் செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் கோயிலுக்கு என் வண்டியில்தான் போகவேண்டும். அதற்காகவே புதுக் கார்ப்பெட் போட்டிருக்கிறேன், என் கையால்.

பழையதைப் பிரித்தால், கடல்காற்று அடித்தகரத்தைத் தின்று முடித்திருந்தது. புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தாயிற்று. அடுத்து அளவு. கல்பாக்கத்தில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவன், கடைக்காரன் மாதிரி பழைய கார்ப்பெட்டை மேலே வைத்து வெட்டுவேனா? வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, அண்ணாந்து பார்த்து, டிவைடர் வைத்துப் படம் போட்டேன். மயிரிழை பிசகாத படம். அதன்படி சிவப்புக் கார்ப்பெட்டை வெட்டி உள்ளே விரித்தால், கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டருக்கு விட்ட மூன்று ஓட்டையும் டிரைவர் பக்கம் இல்லாமல் நீங்கள் உட்காரும் பக்கம் வந்து நிற்கின்றன. கீழேயிருந்து பார்த்து வரைந்தது அல்லவா, வலம் இடமாகிவிட்டது. படத்தில் தப்பில்லை, ஓட்டுகிறவன் மேலே உட்காருகிறான், அதுதான் சிக்கல். திருப்பிப் போடுங்களேன் என்றாள் உங்கள் தங்கை. திருப்பினால் மெத்தென்ற பக்கம் கீழே போய் சாக்குப் பக்கம் மேலே வருகிறது. மறுபடி வாங்கி மறுபடி வெட்டினேன். முதலாவது எங்கள் ஹாலில் கிடக்கிறது, வருகிறவர்கள் ஓட்டையில் கால்விரலை மாட்டிக்கொள்கிறார்கள்.

பசை தடவி மண்டிபோட்டு ஒட்டியபோது வேட்டியும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. எழுந்தால் நான் வருகிறேன், வேட்டி வரவில்லை. பக்கத்து வீட்டு ஏசுபாதம் எட்டிப் பார்த்து, "இன்னா சார், வண்டிக்கு வேட்டி கட்டி வுட்டுட்டு நீ இப்டி நிக்கிற?" என்றார். சுற்றிலும் கத்தரித்து என்னை மீட்டார். ஓரத்தில் வேட்டிக்கரை கொஞ்சம் தெரியும், பார்டர் வைத்த கார்ப்பெட் என்று நினைத்துக்கொள்ளவும். இனி யானை கட்டி இழுத்தாலும் அது வராது, இது என் வாக்கு. கனமான கார்ப்பெட் என்பதால் ஆக்ஸிலேட்டர் பாதிதான் இறங்குகிறது. கல்யாண வண்டிக்கு அந்த வேகம்தான் அழகு.

நேற்று ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். நாங்கள் இருவர், ஏசுபாதம், அவர் மனைவி சாராள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறவும் என்று ஒரே ஒரு விதிதான் வைத்தேன். நம் ஜனங்களுக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும், வீட்டு வாசலில் எல்லோரும் ஒழுங்காகக் கழற்றிவிட்டு ஏறினார்கள். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் போய்க் கதவைத் திறந்தபோதுதான், செருப்பெல்லாம் எங்கள் வாசலிலேயே வரிசையாக இருப்பது உறைத்தது. கத்திரி வெயில், உச்சிப்பொழுது. சாராள் மணலில் ஒரு காலை வைத்துவிட்டு, ஐயோ என்று உள்ளே இழுத்துக்கொண்டார். காரில் இருந்தபடியே கோபுரத்தைப் பார்த்தோம். கார்ப்பெட்டில் எண்ணெய் சிந்தும் என்பதால் கொண்டுபோன புளிச்சோற்றை நான் பிரிக்கவிடவில்லை. திரும்பும்போது தெய்வநாயகி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே வந்தாள், கார்ப்பெட்டின் சுகத்தில் லயித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து தடவிப் பார்த்தேன், ஒரு பொட்டு மணல் இல்லை. ரிட்டயர்மெண்ட் அன்று மாலை போட்டபோதுகூட எனக்கு இவ்வளவு பெருமையாக இல்லை மச்சான்.

ஆகவே சுமோவை வேண்டாம் என்று சொல்லிவிடவும். முகூர்த்தத்தன்று விடியும்போது என் வண்டி உங்கள் வாசலில் நிற்கும். சங்கரிக்கு என் ஆசிகள், வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சுமோக்காரருக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்,
சுப்புராமன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது ஒன்று தோன்றியது. பெண் வண்டி ஏறும்முன் ஆரத்தி சுற்றுவீர்கள், சிவப்புத் தண்ணீர் தெறிக்கும். மாலை உதிரும், அட்சதை உதிரும், வீடியோக்காரன் ஷூவோடு முன் சீட்டில் ஏறுவான். எதற்கு வம்பு, சுமோவே இருக்கட்டும். ஏசுபாதம் வெறுங்காலோடு ஓட்ட, என் வண்டி காலியாக முன்னால் போகும், சங்கரி பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வரட்டும். நானும் உங்கள் தங்கையும் பஸ்ஸில் வந்துவிடுகிறோம்.

அண்ணா, தெய்வநாயகி எழுதுறேன். தபால்ல போடச் சொல்லி எங்கிட்ட குடுத்தாரு, படிச்சேன். சுமோ வேணாம், சங்கரி நம்ம வண்டியிலதான் போவா. அவரு குளிக்கப் போன நேரத்துல கார்ப்பெட்டைப் புடிச்சு இழுத்துப் பார்த்தேன். யானையெல்லாம் தேவைப்படலை, ஒரே இழுப்புல வந்துடுச்சு. வேட்டித்துண்டு மட்டும்தான் தகரத்தோட கெட்டியா ஒட்டிக்கினு கீது. கார்ப்பெட்டைச் சுருட்டி வச்சுட்டு, தகரத்து மேல கோரைப்பாய் விரிச்சிருக்கேன். புள்ள செருப்போடவே ஏறட்டும்.