கையெழுத்து விழாத கல்யாணம்

இரண்டு பேர் சேர்ந்து வாழ்வதை அந்த இரண்டு பேரே முடிவு செய்துவிட முடியாது. அதற்கு ஓர் அரசு வேண்டும். ஒரு பதிவேடு, ஒரு முத்திரை, தோளில் மூவர்ணப் பட்டை அணிந்த ஓர் அதிகாரி வேண்டும். பல்கேரியாவில் டான்யூப் ஆற்றங்கரையில் எங்கள் சிறு நகரத்துக்கு அந்த அதிகாரி ஸ்பாஸ் கோலெவ். ஓய்வு பெற மூன்று வாரம் இருந்தது. 'மாசற்ற சேவை'க்காக நகராட்சி ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கி வைத்திருந்தது.

அப்போதுதான் ஸ்னேஷாவும் ஓக்னியானும் கல்யாணச் சான்றிதழின் நகல் கேட்டு வந்தார்கள். விவாகரத்து மனுவோடு அதை வைக்க வேண்டும். முப்பது வருடமாக எந்தச் சண்டையையும் ஓக்னியான் ஒரே பேச்சில் முடித்துவிடுவான்: "அரசாங்கமே முத்திரை குத்தியாச்சு, இனி நீ எங்க போவ?" ஸ்னேஷா இடம் கண்டுபிடித்துவிட்டாள். வர்னாவில் அக்கா வீடு.

ஸ்பாஸ் 1994ஆம் வருடப் பதிவேட்டைத் திறந்தார். ஜூலை பத்து. மணமக்கள் கையெழுத்து இருந்தது. சாட்சிகள் கையெழுத்து இருந்தது. அதிகாரியின் இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

அவருக்கு நினைவு வந்தது. அன்று மாலை உலகக் கோப்பையில் பல்கேரியா ஜெர்மனிக்கு இரண்டாவது கோல் போட்டது. கல்யாணக் கூட்டம் முழுவதும் பக்கத்துக் காபிக்கடை டிவிக்கு ஓடியது. பேனாவோடு முதலில் ஓடியவர் ஸ்பாஸ்.

"அப்ப நாங்க ரெண்டு பேரும் என்ன?" என்றான் ஓக்னியான்.

"ஒண்ணுமில்ல," என்றார் ஸ்பாஸ்.

நகராட்சி அவசரக் கூட்டம் போட்டது. ஐந்து பேர், மூன்று மணி நேரம், இரண்டு தட்டு பனிட்சாப் பலகாரம். அடையாள அட்டைப்படி இருவரும் தம்பதி, பதிவேட்டின்படி அந்நியர். சேராதவர்களைப் பிரிக்கச் சட்டத்தில் வழியில்லை. ஆகவே, 'பிரிக்கும் நோக்கத்துடன் சேர்த்து வைத்தல்' என ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. வெள்ளிக்கிழமை காலை கல்யாணம், மதியம் விவாகரத்து மனு. பழைய பிழை புதிய கையெழுத்தில் மறையும். கடிகாரமும் தப்பும்.

வெள்ளிக்கிழமை கல்யாண வழக்கப்படி ரொட்டியும் தேனும் வந்தன. ஒலிபெருக்கியில் கல்யாண இசை கரகரத்தது. ஸ்பாஸ் பட்டையைச் சரிசெய்துகொண்டு, பரஸ்பர மரியாதை பற்றிய சட்டப் பிரிவுகளைக் கனிவோடு வாசித்தார். எங்கள் கல்யாணங்களில் முதலில் மற்றவர் காலை மிதிப்பவர் பேச்சுதான் வீட்டில் எடுபடும். முப்பது வருடத்துக்கு முன் ஓக்னியான் மிதித்திருந்தான். இம்முறை ஸ்னேஷா முந்திக்கொண்டாள், முழு எடையோடு. அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"சுயவிருப்பத்தோடுதான் சம்மதிக்கிறீங்களா?" என்று ஸ்பாஸ் கேட்டார்.

ஓக்னியான் மனைவி பக்கம் திரும்பினான். "இவ்வளவு வருஷமா உன்னை யாரும் கட்டி வைக்கலையா?"

"இல்லையாம்."

"நினைச்சிருந்தா அன்னிக்கே போயிருக்கலாம்?"

"போயிருக்கலாம். அறிவில்லாம நானாவே இருந்திருக்கேன்."

அவன் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றான். பிறகு கேட்டான்: "நாளைக்கும் அறிவில்லாம இருப்பியா?"

அவள் யோசித்தாள். "இந்த வருஷம் குளிர்காலத்துக்குப் போட்டு வைக்கிற குடமிளகாய் மொத்தத்தையும் நீதான் சுடணும். தோலையும் நீதான் உரிக்கணும்."

"சரி."

ஸ்பாஸ் அவசரமாகப் பேனாவை நீட்டினார். ஸ்னேஷா அவர் கையை மெல்லத் தள்ளினாள். "மூடி வைங்க அண்ணே. முத்திரை விழுந்துச்சுன்னா இவன் பழையபடி ஆயிடுவான்."

ரொட்டியை எடுத்துக்கொண்டு இருவரும் படியிறங்கினார்கள். வழியெல்லாம் ஓக்னியான் தேன் கிண்ணத்தைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டே போனான்.

ஸ்பாஸுக்குக் கடிகாரம் கிடைக்கவில்லை. கடைசி நாளன்று அவர் அந்தப் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். அந்தக் கோடையில் அவர் ஒழுங்காகக் கையெழுத்திட்ட கல்யாணங்கள் பதினாறு. பதினொன்றின் ஓரத்தில் 'விவாகரத்து' என்று சிவப்பு மையில் குறித்திருந்தது.

ஒரு கல்யாணத்தைக் காப்பாற்ற அரசால் என்ன செய்ய முடியும் என்று இனி யாரும் கேட்க வேண்டாம். கால்பந்து பார்க்கப் போகலாம்.