கிழக்குப் பக்கம் பிறை பார்த்த டெய்லர்

அண்டைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். சேட்டுத் தைக்கிறது.

எண்பதுகளின் தொடக்கம். நோன்பு இருபத்தொன்பது. கல்முனையில சொந்தமா தையல்கடை திறந்து எனக்கு அது முதல் பெருநாள். அதுக்கு முதல் ரோட்டுக்கு அங்கால, உதுமாலெப்பை காக்காட கடையில மெசின் மிதிச்சவன் நான். "காக்கா, நான் தனியாப் போறன்" எண்டு சொன்ன அண்டைக்கு மனிசன் கோவிக்கல்ல. சிரிச்சார்.

"போ மனே. பெருநாளைக்குப் பார்ப்பம்."

அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

ஏனெண்டா எங்கட ஊர்ல ஒரு டெய்லர் தேறுறதும் தேறாததும் பெருநாளைக்குத்தான். கலியாணச் சேட்டு பிந்தினா மாப்பிள்ளை மட்டும்தான் ஏசுவான். பெருநாள் சேட்டு பிந்தினா ஊரே ஏசும். பொறகு ஒருத்தனும் வரமாட்டான். நேரா ரோட்டைக் கடந்து காக்காட கடைக்குப் போயிருவான். என்ட கடைக்குப் பூட்டுத்தான்!

இது தெரிஞ்சும் நான் என்ன செஞ்சன்? வந்த துணி எல்லாத்தையும் வாங்கிப் போட்டன். "ஏலாது" எண்டு சொல்ல வாய் வரல்ல.

பகல்ல நோன்பு. மெசின் மிதிச்சா தொண்டை காயும். இரவுல தறாவீஹ் தொழுகை. அதை விடவும் மனமில்ல. புதுசாக் கடை திறந்தவன், ஆண்டவன்ட பறக்கத்து வேணுமே! ரெண்டுக்கும் இடையில கிடைச்ச நேரத்துலதான் தையல். ஆனா நான் பயப்படல்ல. இந்த முறை முப்பது நோன்பும் வரும் எண்டு நானே முடிவெடுத்து வச்சிருந்தன்.

விசயம் இதுதான். இருபத்தொன்பதாம் நோன்பு பின்நேரம் பிறை தெரிஞ்சா, விடிஞ்சாப் பெருநாள். தெரியாட்டி இன்னொரு நோன்பு. எனக்கு அந்த இன்னொரு நாள் வேணும். கிடைச்சா எல்லாச் சேட்டும் முடியும். கிடைக்காட்டி நான் முடிஞ்சன்.

பின்நேரம் அஸர் தொழுதிட்டு வந்து மெசின்ல குந்துறன், வாசல்ல சைக்கிள் மணி. சீனிமுகம்மது மரைக்கார்! எங்கட பள்ளிவாசல் நிருவாகத்துல பெரிய ஆள். போதாக்குறைக்கு என்ட வாடிக்கை. அவர்ட கருநீலத் துணி மடிச்ச மடிப்புக் கலையாம அலுமாரியில கிடக்கு. நான் மெல்ல எழும்பி அலுமாரியை மறைச்சுக்கொண்டு நிண்டன்.

"தம்பி, வெளிக்கிடு. வயல் பக்கம் பிறை பார்க்கப் போகணும்."

"நானா, மரைக்கார்?"

"போன முறை கூட்டிப் போனவனுகளுக்கு மாடு எது மரம் எது எண்டே தெரியல்ல. நீ இருட்டுக்குள்ள ஊசி கோர்க்கிற ஆளாமே. ஒன்ட கண்ணுதான் வேணும்."

அந்தக் கதையை ஊருக்குள்ள விட்டது வேற ஆருமில்ல, நானேதான். கடை திறந்த அண்டைக்கு, ஒரு விளம்பரமா இருக்கட்டும் எண்டு லாம்பை அணைச்சுப்போட்டு ஊசி கோர்த்துக் காட்டினன். இப்ப அனுபவி!

"கொஞ்சம் வேல கிடக்கு மரைக்கார்..."

"விடிஞ்சாப் பெருநாளா இருக்கும். இன்னமுமா வேல முடியல்ல?"

"முடிஞ்ச மாதிரித்தான்" எண்டன். கத்தரிக்கோலை வச்சிட்டு சைக்கிளை எடுத்தன்.

மூணாவதா வந்தவர் இறைச்சிக்கடை ஆதம்பாவா. அவர்ட கதை என்ட கதைக்கு நேர் எதிர்.

"மாட்டை வாங்கிக் கட்டிட்டன் மச்சான். இண்டைக்குப் பிறை தெரியாட்டி நாளைக்கு முழுக்க அதுக்குப் புல்லுப் போடணும். நல்லாப் பாரு, என்ன?"

"ஓம் ஓம்."

எங்களுக்குக் கடல் கிழக்கால. பிறை தெரியிறது மேற்கால. அதால கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வயலுக்குப் போனம். போற வழியெல்லாம் எனக்கு ஒரே யோசினை. பிறையைக் கண்டிட்டு 'காணல்ல' எண்டு சொல்லேலாது. நோன்பு பிடிச்ச வாய். ஆனா பார்க்காமலே விட்டா? கண்ணுல படாத ஒண்டைக் காணல்ல எண்டு சொல்றது பொய் இல்லயே! இந்த மார்க்கச் சந்தேகத்தை எந்த மௌலவியிட்டயும் கேக்கல்ல. கேட்டா என்ன சொல்லுவார் எண்டு தெரியும்.

வயல் வரம்புல வச்சு நோன்பு திறந்தம். அந்த நேரத்துல கேக்கிற துஆவுக்குத் தனி மதிப்பு. "ஒரு சின்ன முகில் தா ரப்பே" எண்டு கேக்க மனம் உன்னிச்சு. முழு ஊரும் பிறை கேக்கிற நேரத்துல நான் ஒருத்தன் முகில் கேட்டா, மேல என்னைப் பற்றி என்ன நினைப்பாங்க? நினைச்ச பயத்துல பேரீச்சம்பழத்தைக் கொட்டையோட விழுங்கிட்டன்.

பாய் விரிச்சு மஃரிப் தொழுதம். எழும்பினதும் மரைக்கார் மேற்கால பார்த்தார். ஆதம்பாவா மேற்கால பார்த்தார். நான் கிழக்கால பார்த்தன்.

"தம்பி, அங்க என்ன பார்க்கிறாய்?" எண்டார் மரைக்கார்.

"கடல் பக்கம் முகில் ஏதும் கிளம்புதா எண்டு பார்க்கிறன் மரைக்கார். இஞ்சால வந்தா மறைச்சிரும்."

"ஆ, அதுவும் சரிதான்."

எனக்கே என்ட மூளையை நினைச்சுப் பெருமையா இருந்திச்சு.

பக்கத்து வயலுக்குத் தண்ணி கட்டிக்கொண்டு நிண்டார் பாண்டிருப்புக் கந்தப்போடி அண்ணன். மண்வெட்டியை ஊண்டி, கையை அதுல வச்சுக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டு நிண்ட மனிசன், மெல்ல வாயைத் திறந்தார்.

"தம்பி, உங்கட பிறை மேற்காலதானே வாறது?"

"ஓம் அண்ணன்."

"அப்ப ஏன் நீங்க மட்டும் கிழக்கால பார்க்கிறீங்க?"

எனக்கு வேர்த்திட்டு. "கண்ணுக்குக் கொஞ்சம் ஆறுதல் குடுக்கிறன் அண்ணன்."

ஆதம்பாவாவுக்கு இது கேட்டிட்டு. "கண்ணுக்கு ஆறுதலா? அடேய், அங்க மாடு நிக்குது! திரும்புடா மேற்கால!" எண்டு என்ட தோளைப் பிடிச்சுத் திருப்ப வந்தார். நான் விலகினன். ஈர வரம்பு. கால் வழுக்கி, ஒரு சுத்துச் சுத்தி, வாய்க்காலுக்குள்ள 'தொபுக்'கெண்டு குந்தினன்.

குந்தின திசை மேற்கு!

கண்ணுக்கு நேரே, தென்னைகளுக்கு மேல, வெட்டிப் போட்ட நூல்துண்டு மாதிரி வெள்ளையா ஒண்டு. மூளை 'வாயைப் பொத்து' எண்டு சொல்றதுக்குள்ள வாய் கத்திட்டு.

"அந்தா! பிறை!"

உண்மையைச் சொல்லணும். அந்த நேரம் எனக்குச் சரியான சந்தோசம். சின்ன வயசுல இருந்து பிறை கண்டா வாற அதே சந்தோசம், இடுப்பளவு சேத்துக்குள்ளயும் வந்திச்சு. பொறகுதான் சேட்டுகள் ஞாபகம் வந்திச்சு.

"ஓம், அந்தா! நானும் கண்டன்!" ஆதம்பாவா துள்ளினார். மரைக்கார் 'அல்லாஹு அக்பர்' எண்டு தக்பீர் சொன்னார். கந்தப்போடி அண்ணன் மண்வெட்டியைத் தோள்ல போட்டுக்கொண்டு அமைதியாச் சொன்னார்.

"நான் அப்பவே கண்டன். நீங்க ஆரும் கேக்கல்லயே."

நான் சேத்தைக் கழுவி, செயின் கழண்ட சைக்கிளையும் சரிக்கட்டி, ஊருக்குள்ள வாறன், பள்ளி ஸ்பீக்கர்ல மரைக்கார்ட குரல். நாளைக்குப் பெருநாளாம். அதோட விட்டிருக்கலாம் மனிசன். "பிறையைக் கண்டவர் நம்மட டெய்லர் மீராசாஹிபு" எண்டும் சேர்த்துச் சொன்னார்.

கடை வாசல்ல ஊரே நிக்குது. எல்லார்ட முகத்துலயும் சிரிப்பு.

"நீங்க கண்ட பிறையாமே! அப்ப என்ட சேட்டு றெடிதானே?"

"அதென்ன கேள்வி? கையில வேலையை வச்சுக்கொண்டு ஆராவது பிறை காணுவானா?"

நான் பூட்டைத் திறந்தன். அலுமாரியைத் திறந்தன். மடிச்ச மடிப்புல துணி துணியாக் கிடக்கு. சிரிப்பெல்லாம் போயிட்டு. ஒருத்தர் ரோட்டுக்கு அங்கால பார்த்தார். அப்படியே எல்லாரும் பார்த்தாங்க. ஒரு வருசம்கூடத் தாங்கல்லயே என்ட கடை!

அங்கால இருந்து உதுமாலெப்பை காக்கா ரோட்டைக் கடந்து வாறார். ஒரு கையில பெற்றோமக்ஸ் லாம்பு, மற்றக் கையில கத்தரிக்கோல். பின்னால அவர்ட ஆக்கள் மெசினைத் தூக்கிக்கொண்டு.

"என்ட வேல எல்லாம் நேற்றே முடிஞ்சிது. தள்ளு மனே, நான் வெட்டுறன். பெருநாளும் அதுவுமா ஒருத்தன் பழஞ்சேட்டோட நிக்கப்படாது."

எனக்கு அழுகை வந்திட்டு. அதையும் ஒழுங்கா அழ நேரமில்ல.

விடிய விடியத் தைச்சம். மரைக்கார்ட சேட்டை மட்டும் காக்காட கையில குடுக்க மாட்டன் எண்டு பிடிவாதமா நானே எடுத்தன். நான் யார் எண்டு காட்ட வேணாமா! சேட்டுக் கையை உடம்போட சேர்த்து வெள்ளை நூலால தற்காலிகமா ஓட்டுத் தையல் போட்டு முடிக்க, சுபஹ் தொழுகைக்குப் பாங்கு சொல்லிட்டு. மெசின்ல ஓட்டுறது பாக்கி. தொழுதிட்டு வந்து ஓட்டுவம் எண்டு போனன். தொழுதிட்டு வந்தன். எல்லாம் முடிஞ்சிது எண்ட நினைப்புல மடிச்சு, ஸ்திரிக்கை போட்டு, ஆளிட்டக் குடுத்தும் அனுப்பிட்டன்.

பெருநாள் தொழுகை. பள்ளி நிறையப் புதுச்சேட்டு. ஒருத்தனும் குறையில்ல, அல்ஹம்துலில்லாஹ்! எனக்கு முன் வரிசையில மரைக்கார். கருநீலச் சேட்டு எடுப்பா இருக்கு. தோள்மூட்டுல மட்டும் ஒரு வெள்ளை நூல், வளைஞ்சு, மெலிசா.

நேற்றுக் கண்ட பிறையே வந்து தோள்ல குந்தின மாதிரி!

தொழுகையில கண் அங்கதான். குத்பாப் பிரசங்கம் முழுக்கக் கண் அங்கதான். ஒரு வார்த்தை மண்டைக்குள்ள ஏறல்ல. அந்த நூலை எடுக்காம எனக்குப் பெருநாளே இல்ல எண்ட மாதிரி ஆயிட்டு. குத்பா முடிஞ்சிது. எல்லாரும் கட்டிப்பிடிச்சு ஸலாம் சொல்ல எழும்புறாங்க. நான் மெல்ல ரெண்டு விரலால நூலைப் பிடிச்சு இழுத்தன்.

வந்திச்சு. இன்னும் வந்திச்சு. வந்துகொண்டே இருந்திச்சு.

மரைக்கார் என்னைக் கட்டிப்பிடிக்கத் திரும்பிக் கையை விரிச்சார். கை வந்திச்சு. சேட்டுக் கை வரல்ல. அது என்ட கையில கிடந்திச்சு.

அடுத்த வரிசையில உதுமாலெப்பை காக்காட முகத்துல, அண்டைக்குச் சிரிச்ச அதே சிரிப்பு. மரைக்கார் தன்ட வெறுங்கையைப் பார்த்தார். என்ட கையில தொங்கின கருநீலத்தைப் பார்த்தார். பொறகு மெல்லக் கேட்டார்.

"இதையும் நீதானா தம்பி முதல்ல கண்ட?"

கடை தப்பிச்சிது. அடுத்த வருச நோன்பு இருபத்தொன்பதுக்கு மரைக்கார் சைக்கிள்ல வந்து மணி அடிக்கக்குள்ள, நான் தடிச்ச கண்ணாடி ஒண்டு போட்டுக்கொண்டு குந்தியிருந்தன்.

பார்வை நல்லாத்தான் இருந்திச்சு.