ரோஷக்காரப் பேரனும் என் கொழுகொழு வாயும்

சிட்னியில் நலமாக இருக்கும் அக்காவுக்கு,

யுன் லாங் சந்தை மீன்கடையிலிருந்து தம்பி தக்-ஷிங் வணங்கி எழுதுவது. உன் முழங்கால் வலியை விசாரிப்பதற்கு முன்னால் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். நேற்று, பிறந்து முப்பத்துநாலே நாளான பேரனின் தொட்டில் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவன் ஏப்பம் விட்டான்.

எல்லாம் பேரனுக்கு ஒரு மாதம் நிறைந்த விருந்தில் வந்த வினை. சிவப்பு முட்டை, இஞ்சி ஊறுகாய், மூன்று மேசை நிறையச் சொந்தம். பையனைத் தூக்கினேன். நம் சீனப் பேச்சு உனக்குத் தெரியாதா, ஒரு சொல் தனியாக வெளியே போகாது, வாலில் இரண்டு குட்டிகளை இழுத்துக்கொண்டுதான் போகும். மீனை வழவழ என்றும் நண்டைத் துறுதுறு என்றும் முப்பது வருடம் கூவி விற்ற வாய் சும்மா இருக்குமா? "ஃபேய்-தூத்-தூத்! கொழுகொழுன்னு இருக்கான்டா! பாக்-ஸூத்-ஸூத்! வெள்ளைவெளேர்னு!" என்று அடுக்கிவிட்டேன். மூன்று மேசையும் என்னை முறைத்தது. நூறு நாள் ஆகாத குழந்தை பொல்லாத ரோஷக்காரன், குண்டு என்றால் கோபித்துக்கொண்டு இளைத்துவிடுவான் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே! மறுநாளே பயல் பாலைத் துப்பினான். மன்னிப்புக் கேட்டால் சரியாகும் என்றான் மகன் கின்-சுங். கேட்டேன். எழுந்திருப்பதற்குள் மருமகள் லாய்-குவான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"நூறு நாள் கழிச்சு வாங்க மாமா. குழந்தை கோவிச்சுக்கிட்டான்."

"படிச்ச பொண்ணு நீ, இதையெல்லாமா நம்புறே?"

"நான் எங்கே நம்புறேன்? நம்புறவரு நீங்கதானே!"

"டேய் கின்-சுங், கேட்டியாடா?"

"கிளம்புங்கப்பா, மீன் நாறிடும்."

பெற்ற பிள்ளை பேசுகிற பேச்சா இது? நூறு நாளில் பயல் என் முகத்தையே மறந்துவிடுவான். அவளுக்குப் புத்தி சொல்ல அம்மாவும் இல்லை. சம்பந்தியம்மா போன கோடையில் போய்ச் சேர்ந்துவிட்டார். நீதான் அவளுக்கு ஒரு வரி எழுத வேண்டும்.

உன்னைக் கொழுகொழுவென்று வாழ்த்தப் பயமாக இருக்கிறது. நோய்நொடி இல்லாமல் இரு.

தம்பி,
தக்-ஷிங்

பி.கு.: ஒன்று விட்டுப்போயிற்று. ஏழாவது வாரமே லாய்-குவான், ஆஸ்பத்திரியில் கிடந்த தன் அம்மாவிடம் கர்ப்பத்தைச் சொல்லத் துடித்தாள். மூன்று மாதம் முடியுமுன் வாயைத் திறந்தால் குழந்தை கோபித்துக்கொள்ளும் என்று தடுத்தவன் நான். சம்பந்தியம்மா கண்ணை மூடியது பதினோராவது வாரம்.