திரு. சதாசிவம் வெட்டிய மூளை

தோட்டத் தமிழ்ப்பள்ளி, பத்து காஜா.

பேரன்பிற்குரிய கனகராஜ் மாமாவுக்கு, ஆறாம் ஆண்டு மாணவி தினேஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. வீட்டில் அனைவரும் நலம். தைப்பிங்கில் நீங்களும் மழையும் வழக்கம்போல இருப்பீர்கள் என நம்புகிறேன்.

நீங்கள் மருத்துவ உதவியாளர் என்பதால் ஓர் உதவி. நான் செய்தது கேக் அல்ல, மனித மூளைதான் என்று கையொப்பமிட்டு எழுதித் தர வேண்டும். பள்ளி அறிவியல் விழாவுக்காக, நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்து, கோதுமை மாவில் உப்பைக் கொட்டிப் பிசைந்து, பெருமூளைக்கு ரோஸ் சிரப்பும் சிறுமூளைக்கு மஞ்சளும் சேர்த்து, வெளியே தெரியாத உட்பகுதிகளைக்கூட ஐந்து நாள் உட்கார்ந்து உருட்டி வைத்தேன். மழையில் அது சரியாகக் காயவில்லை, தூக்கிப் போக வசதியாக அம்மா அதைக் கேக் அட்டையில் வைத்தார், அங்கேதான் வினை தொடங்கியது. எங்கள் தோட்டத்துப் பள்ளியில் கேக் வெட்டாமல் எந்த நிகழ்ச்சியும் முடிந்ததில்லை. கால்வாய் சுத்தம் செய்த நாளில்கூட வெட்டினோம். அறிவியல் விழாவில் பெற்றோர் சங்கத் தலைவர் திரு. சதாசிவம், மாணவர்கள் அறிவைப் பயன்படுத்த வேண்டும் என்று நாற்பது நிமிடம் பேசிவிட்டு, நடுவர்கள் வருவதற்குள் நேராக என் மேசைக்கு வந்தார்.

"கேக்கு இங்கயா இருக்கு? கத்தி கொண்டாங்கலா!"

"ஐயா, அது மூளை..."

"மூளையோ முட்டையோ, ஃபோட்டோவுக்குச் சிரிம்மா!"

யோசித்துச் செயல்பட உதவும் முன்மடலில் கத்தியை வைத்து, பின்மண்டை வரை ஒரே இழுப்பு. கைதட்டல் வேறு. அதோடு விட்டாரா? சிறுமூளையைப் பிய்த்துத் தலைமையாசிரியர் திரு. ராமையாவுக்கு ஊட்டினார். சற்று முன் பொன்னாடை போர்த்திய கை ஊட்டியதை எப்படித் துப்புவது? கண் கலங்க விழுங்கிவிட்டு, "எனக்கு இனிப்புநீர் வியாதி இருக்குலா, இது பரவால்ல, சீனியே போடல," என்றார். பிறகு வந்த நடுவர், "இது சமையல் பிரிவா?" என்று கேட்டுத் தாளில் ஏதோ எழுதிக்கொண்டார். அறிவியல் பிரிவில் வெற்றி பெற்றால்தான் ஈப்போ போட்டிக்குப் போக முடியும். வெள்ளிக்கிழமை முடிவு. அதற்குள் உங்கள் கடிதம் வந்துவிட வேண்டும் மாமா.

அத்தைக்கும் ஷர்வினுக்கும் என் அன்பு. மழையில் வழுக்காமல் நடங்கள். உடம்பைச் சாயாமல் நிறுத்துவது சிறுமூளைதான், அதன் அருமை இப்போது எனக்குத் தெரியும்.

பணிவுடன்,
தினேஸ்வரி

பி.கு.: இதை அஞ்சலில் போடுவதற்குள் முடிவே வந்துவிட்டது, உங்கள் கடிதம் வேண்டாம் மாமா. மூளையை வெட்டி உட்பகுதிகளைக் காட்டிய ஒரே மாணவி என்று எனக்கே முதல் பரிசு! ஈப்போவில் மேடையிலேயே வெட்டிக் காட்ட வேண்டுமாம். "நானே வாரேன்லா," என்று சதாசிவம் ஐயா புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார். தலைமையாசிரியரும் வருகிறார். அதனால் சிறுமூளையை மட்டும் உப்பில்லாமல் பிசைந்துகொண்டிருக்கிறேன். சீனியும் போடவில்லை.