என் நெஞ்சுக்கு மணி கட்டிய மருமகள்

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சௌக்கியமா இல்லையா என்பதை நானே சொல்லிப் பயனில்லை. தங்கள் மகள் என் நெஞ்சில் கட்டிவிட்டிருக்கும் பட்டையைக் கேட்டால் அது சொல்லும். இந்த வரியை எழுதும்போதுகூட அது என்னை வேவு பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

தங்கள் கடிதம் கிடைத்தது. துணி துவைக்கும் மெஷின் கம்பெனி மேனேஜர் இந்த மாதக் கடைசி வரைக்கும்தான் அவளுடைய நாற்காலியைக் காலியாக வைத்திருப்பார் என்றும், நான்தான் மாமனார் என்ற முறையில் ஒரு வார்த்தை சொல்லி அவளைப் பழைய வேலைக்கு அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். ஒரு வார்த்தை என்ன, ஒன்பது வார்த்தை சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் இந்த வீட்டில் என் வார்த்தைக்கு என்ன மரியாதை என்று தங்களுக்குத் தெரியாது. என் மகனிடம் சொன்னால், "அவ சொல்றது சரிதாம்பா" என்கிறான். அவள் என்ன சொன்னாள் என்று அவனுக்கே தெரியாது. என் வீட்டுக்காரியிடம் சொன்னால், "உங்க நல்லதுக்குத்தானே செய்யுது புள்ள" என்று என் வாயை அடைக்கிறாள். அதனால் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், தாங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்.

தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தவன் நான். மணி அடித்தால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓடியவன். அப்படிப்பட்டவனுடைய நெஞ்சிலேயே மணி கட்டிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். போன வருஷம் எனக்கு லேசாக நெஞ்சுவலி வந்ததும், ஊருக்கு இளைத்தவன் நான்தான் என்று தங்கள் மகள் முடிவு செய்துவிட்டாள். துடிப்பு தவறினால் அலறும் பட்டை ஒன்றைச் செய்கிறேன் என்று வேலையை விட்டாள், அதைக் கட்டிப் பார்க்க என் நெஞ்சுதான் கிடைத்தது. சாப்பாட்டு மேசையில் ஒயரை ஒட்ட ஈயம் உருக்குகிறாள், என் பழைய சீருடையின் பெல்ட்டை வெட்டுகிறாள், என் வீட்டுக்காரி தையல் மெஷினில் உட்கார்ந்து ஒயரை உள்ளே வைத்துத் தைக்கிறாள். தயாரான முதல் பட்டை நான் தும்மினால் அடித்தது. பல் தேய்த்தால் அடித்தது. ஒரு நாள் சவரக் கடையில் பாதி முகம் மழித்திருக்கும்போது அது அலறிய அலறலில் கடைக்காரர் கத்தியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவிட்டார். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. "முதல்ல அதைக் கழட்டுங்கண்ணே, எதுவா இருந்தாலும் பேசிக்கலாம்" என்று தெருவிலிருந்தே கும்பிட்டார். ஒரு பக்கம் மீசையோடு வீடு வந்து சேர்ந்தேன்.

இதைச் சொல்லி நான் சத்தம் போட்டதும் அவள் ஒரு வாரம் யோசித்துவிட்டு, "மாமா, தப்பு உங்க மேல இல்ல. எல்லா மனுஷனுக்கும் ஒரே அளவுன்னு வச்சதுதான் தப்பு. இனிமே இது உங்களைப் படிக்கும்" என்றாள். நான் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அது என்னை அதிகமாகப் படித்தது. படி ஏறினால் எப்படித் துடிக்கும், தூங்கினால் எப்படித் துடிக்கும், என் வீட்டுக்காரி "கொஞ்சம் இங்க வாங்க" என்று சமையலறையிலிருந்து கூப்பிட்டால் எப்படித் துடிக்கும், எல்லாம் அதற்கு அத்துப்படி. அதற்கப்புறம் அநாவசியமாக வாயே திறக்கவில்லை. நல்ல பிள்ளையாகிவிட்டதே என்று எனக்கே லேசாகச் சந்தேகம் வந்தது.

இந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியில் இதயப் பிரிவுப் பெரிய டாக்டர் இந்தப் பட்டையை ஒரே ஒரு நாள் வார்டில் வைத்துப் பார்க்க ஒப்புக்கொண்டார். எனக்கு எப்படியும் ஒரு நாள் படுக்க வைத்துப் பரிசோதனை செய்ய வேண்டியிருந்தது. "தேறினால் தொடரலாம், தேறாவிட்டால் மறுபேச்சு இல்லாமல் பழைய வேலைக்குப் போக வேண்டும்" என்று நான் நிபந்தனை போட்டேன், அவளும் சரி என்று தலையை ஆட்டினாள். தங்கள் காரியத்தை எவ்வளவு சாமர்த்தியமாக முடித்துக் கொடுக்கப் பார்த்தேன் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். அது தேறாது என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

சாயங்காலம் போய்ப் படுத்தேன். ஆஸ்பத்திரி ஒயர் ஒரு பக்கம், மருமகள் பட்டை ஒரு பக்கம். படுத்துக் கண்ணை மூடவில்லை, எதிர்க் கட்டிலில் மணி அடித்தது. அவ்வளவுதான், பழக்க தோஷம், நான் எழுந்து ஓடிவிட்டேன். ஓடிய வேகத்தில் என் ஒயர் பிடுங்கிக்கொண்டு என் மானிட்டரும் அலற, கால் மாட்டி பக்கத்துக் கட்டில் லாரிக்காரருடைய தண்ணீர் பாட்டில் உருள, அவர் எழுந்து உட்கார்ந்ததில் அவருடையதும் அலற, வார்டே ரெண்டுபட்டது. ஆனால் பாருங்கள், ஒருத்தர்கூடத் தலையைத் திருப்பவில்லை. சிஸ்டர் மட்டும் ஊசி போட்டுக்கொண்டிருந்த இடத்திலிருந்தே, "சார், எங்க ஓடறீங்க?" என்றார்.

"மணி அடிக்குதேம்மா!"

"அது அடிச்சுக்கிட்டேதான் சார் இருக்கும். இருமினா அடிக்கும், திரும்பிப் படுத்தா அடிக்கும். எல்லாத்துக்கும் ஓடினா, அப்புறம் எனக்கும் இங்க ஒரு கட்டில் போடணும்."

சிரித்துக்கொண்டே திரும்பினேன். தங்கள் மகள் சிரிக்கவில்லை. என்னைக் கட்டிலில் உட்கார வைத்து ஒயரை மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "அம்மா கட்டில்லயும் இப்படித்தான் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு மாமா. நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். வழக்கமா அடிக்கறதுதானேன்னு புத்தகத்தைப் புரட்டிக்கிட்டு இருந்தேன். அப்பாகிட்ட இதை நான் சொன்னதே இல்ல."

சம்பந்தி, இதைத் தங்களுக்கு எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை வைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதிவிட்டேன். சம்பந்தியம்மா போனதிலிருந்து நீங்கள் ஆஸ்பத்திரி என்ற பேச்சையே காதில் வாங்குவதில்லை, அவளுக்கோ அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. ரெண்டு பேருக்கும் ஒரே வலிதான். "உன் மேல என்னம்மா தப்பு, கேட்டுக் கேட்டு யாருக்கும் காது மரத்துத்தான் போகும்" என்றேன். அவள் தலையில் கை வைத்தேன். பட்டை அதையும் குறித்துக்கொண்டிருக்கும்.

சரி, மறுநாள் கதைக்கு வருகிறேன். காலையில் பெரிய டாக்டர் பின்னால் ஒரு படையே திரண்டு வந்தது. நான் நல்ல பிள்ளையாகப் படுத்திருந்தேன். லேசான தூக்கக் கலக்கம், உடம்பெல்லாம் பஞ்சாக இருந்தது. என் கட்டிலருகே அவர் வந்து நின்றதுதான் தாமதம், இந்தப் பட்டை ஓங்கி ஒரு கத்துக் கத்தியது பாருங்கள்! இரவெல்லாம் கத்திய ஆஸ்பத்திரி மானிட்டரோ, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல வாயை மூடிக்கொண்டிருந்தது.

"என்ன பண்ணுது உங்களுக்கு?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமே இல்ல டாக்டர். ரொம்ப நிம்மதியா இருக்கு."

அவர் மானிட்டரைப் பார்த்தார். "துடிப்பு கொஞ்சம் மெதுவா இருக்கு. ஆனா அளவுக்குள்ளதாம்மா இருக்கு. எதுக்கு அடிக்குது உன் மெஷின்?"

"மாமாவோட வழக்கத்துக்கு இது ரொம்பக் குறைச்சல் டாக்டர். வீட்டுல இப்படி ஒரு நாளும் இருந்ததில்ல."

"வீட்டுல எப்படி இருப்பாரு?"

என் மகன் இருக்கிறானே, அன்றைக்குப் பார்த்து வாயைத் திறந்தான். "காலையில எழுந்ததுலேர்ந்து அம்மாவோட சண்டைதான் டாக்டர்."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப இது வியாதி இல்லம்மா, நிம்மதி. மனுஷன் நிம்மதியா இருந்தா அலாரம் அடிக்கிற மெஷினை நான் எந்த வார்டுல வைக்கறது?" என்றார். படை முழுக்கச் சிரித்தது. லாரிக்காரர், "எனக்கும் ஒண்ணு வேணும் டாக்டர், வீட்டுல காட்டறதுக்கு" என்றார். என் மருமகள் மட்டும் முகம் செத்துப்போய், பட்டை அவள் போனுக்கு அனுப்பும் துடிப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். தாங்கள் எழுதிய அந்தக் கம்பெனி நாற்காலி அவளுக்குக் கிடைத்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். சந்தோஷப்பட வேண்டியவன்தான். ஏனோ முடியவில்லை.

அப்போது சிஸ்டர் வேடிக்கையாக, "அப்ப அம்மாவையே உள்ள கூப்பிட்டுப் பார்த்துடலாமே டாக்டர்" என்றார். வராந்தாவில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரியை அழைத்து வந்தார்கள். இத்தனை டாக்டர்களைச் சுற்றிப் பார்த்ததும் அவளுக்குப் பயம்; பயம் வந்தால் அவளுக்குக் கோபம் வரும். "என்ன பண்ணித் தொலைச்சீங்க? ஒரு ராத்திரி தனியா விட்டா போதுமே! போர்வையைப் பாரு, தலையைப் பாரு, நாலு பேர் முன்னாடி இப்படியா கிடக்கறது?" என்று பிடித்துக்கொண்டாள். வார்டே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. அவளும் குறை வைக்கவில்லை, எங்கள் கல்யாணத்துக்கு நான் தாமதமாக வந்ததுவரை போய்விட்டாள்.

பட்டை நிற்கவில்லை. கத்திக்கொண்டே இருந்தது. எனக்கே ஆச்சரியம்! கல்யாணமான நாள் முதலாக அவள் திட்டி என் நெஞ்சு படபடக்காதது அன்றைக்குத்தான்.

சிரிப்புச் சத்தத்துக்கு நடுவில் என் மருமகள் குரல் கேட்டது. நடுங்கியது, ஆனாலும் விடவில்லை. "டாக்டர், அத்தை இவ்வளவு திட்டியும் ஏறல. இன்னும் இறங்குது. இது நிம்மதி இல்ல டாக்டர். தயவு செஞ்சு பாருங்க."

டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துப் பார்த்தார். "மாத்திரை என்ன போகுது?" என்றார். துடிப்பை அடக்கி வைக்கும் மாத்திரை, நேற்று ராத்திரி ஒன்று, காலையில் ஒன்று என்றார் சிஸ்டர். "நானே பக்கத்துல நின்னு, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி முழுங்க வச்சேன் டாக்டர்."

என் வீட்டுக்காரி பேயறைந்தவள் மாதிரி ஆகிவிட்டாள். "முழுங்கினாரா? இவரா?"

அப்புறம்தான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. நான் வீட்டில் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்துக்கொண்டு, பிறகு ஜன்னலோரக் குரோட்டன் தொட்டியில் துப்பிவிடுவது வழக்கம். அது எனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று இருந்தேன். அந்த மகராசிக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. சொன்னால் சண்டை வரும் என்று, இன்னொரு மாத்திரையைப் பொடி செய்து பாலில் கலந்து கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறாள். நான் அவளை ஏமாற்ற, அவள் என்னை ஏமாற்ற, கணக்குச் சரியாக ஒரு மாத்திரை உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியிலும் ராத்திரிக்கு ஒரு பிளாஸ்க், காலைக்கு ஒரு பிளாஸ்க் பால் வழக்கம்போல வந்தது. சிஸ்டர் கொடுத்ததும் உள்ளே போனது.

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. மளமளவென்று உத்தரவு பறந்தது. ஊசி வந்தது, காலைத் தூக்கி வைத்தார்கள், மாத்திரை நிறுத்தப்பட்டது, பால் பறிமுதலானது. சாயங்காலத்துக்குள் என் துடிப்பு பழைய இடத்துக்கு வந்தது. டாக்டர் என் வீட்டுக்காரியிடம், "அம்மா, இன்னும் ஒரு வேளை இப்படி ரெண்டு ரெண்டா போயிருந்தா இவரோட நிம்மதி நிரந்தரமா ஆயிருக்கும்" என்றார். அவள் அழுதாள். என் கையைப் பிடித்துக்கொண்டு வார்டு பார்க்க அழுதாள். இத்தனை வருஷத்தில் இவ்வளவு அன்பு இருக்கிறது என்று ஒரு ஜாடைகூடக் காட்டியதில்லை, கள்ளி.

பெரிய டாக்டர் போகும்போது தங்கள் மகளிடம், "என் மானிட்டருக்கு இவர் ஒரு கட்டில், அவ்வளவுதான். உன் பட்டைக்கு இவர் யாருன்னு தெரிஞ்சிருக்கு. வார்டு முழுக்கக் கட்டிப் பார்க்கலாம், செய்ய முடியுமா?" என்றார். அவள் முடியும் என்று நாலு தடவை தலையை ஆட்டினாள்.

இப்போது என் நிலைமையைக் கேளுங்கள். சாப்பாட்டு மேசை முழுக்கப் பட்டை. சாப்பாடு மடியில். மாத்திரையை முழுங்கியதும் வாயைத் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது, நாலு பேர் எட்டிப் பார்க்கிறார்கள். குரோட்டன் செடிக்கு இந்த ஜன்மத்தில் ரத்தக் கொதிப்பு வராது, எனக்குத்தான் வரும்போலிருக்கிறது. ஆகவே தாங்கள் தயவுசெய்து உடனே புறப்பட்டு வந்து, தங்கள் மகளை நன்றாகக் கண்டித்து, அந்தத் துணி துவைக்கும் மெஷின் நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்து, என்னை விடுவிக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள்.

தங்கள் அன்பை என்றும் மறவாத,
சம்பந்தி

பின்குறிப்பு: மேலே கேட்டுக்கொண்ட எதையும் செய்துவிடாதீர்கள். மேனேஜர் காலையில் போன் செய்தார். "அவங்க அப்பாவே வேண்டாம்னுட்டாருங்க, அந்த நாற்காலியை வேற யாருக்காவது குடுங்க" என்று தங்கள் பெயரைச் சொல்லி முடித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வரும். வார்டுக்கென்று செய்த பட்டைகளில் முதல் பட்டை அது. அதை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்காமல் உங்களுக்கென்று அலமாரியில் எடுத்து வைத்திருந்தாள். ஏன் அனுப்பவில்லை என்று கேட்டதற்கு, "அப்பா கட்டமாட்டாரு மாமா" என்றாள். அவளுக்குத் தெரியாமல் நான்தான் எடுத்து அனுப்புகிறேன். கட்டிக்கொள்ளுங்கள், சம்பந்தி. நீங்கள் கட்டிய அந்த நிமிஷமே இங்கே அவள் போனில் உங்கள் நெஞ்சு துடிப்பது தெரியும். பதில் கடிதம் எழுத வேண்டாம்.